செவிலியர் பணிச்சூழலைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மருத்துவமனை வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்கள்

பெறுநர்:
சுகாதாரத்துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: ஷிப்ட் வாரியாகச் செவிலியர் எண்ணிக்கையை நிர்ணயித்தல், பணியிடப் பாதுகாப்பை உறுதிசெய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் நோயின் தீவிரத்துக்கும் ஏற்ப, ஒவ்வொரு ஷிப்டிலும் வார்டில் இருக்க வேண்டிய செவிலியர்களின் எண்ணிக்கையைத் தனித்தனியே நிர்ணயிக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. இப்போது கணக்கில் கொள்ளப்படுவது அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் மொத்தம் மட்டுமே. விடுப்பிலும் மாற்றுப்பணியிலும் இருப்பவர்களைக் கழித்து, மீதமுள்ளவர்களை மூன்று ஷிப்டுகளுக்குப் பிரித்தால், இரவில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒருவரே மிஞ்சும் நிலை வந்துவிடுகிறது.

அந்த ஒருவர் இன்சுலினை அளந்து சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, டிரிப்ஸ் முடிந்துவிட்டதென்று அடுத்த கட்டிலிலிருந்து அழைப்பு வருகிறது. வாசலில் புதிய நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். அளவில் பிழை நேர்ந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருவது அவருக்குத்தான். அந்நேரத்தில் அவர் எத்தனை பேரைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

இது எங்கள் வசதிக்கான கோரிக்கை மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, செவிலியர் ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் அதிகரிப்பதைக் காட்டியது. கலிபோர்னியாவில் 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி அங்கு தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. அந்த எண்களை அப்படியே இங்கும் பின்பற்ற வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால், செவிலியர் சாப்பிடச் செல்லும் நேரத்திலும் விகிதம் குறையக் கூடாது என்ற அவ்விதியின் கண்டிப்பு இங்கும் தேவை.

ஊசி குத்திக் காயமடையும் செவிலியருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை உடனடியாக, எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நள்ளிரவில் காயம்பட்டவர், மருந்தகம் திறக்கும்வரை பதற்றத்துடன் வார்டு வேலையைத் தொடர நேரக் கூடாது. முதல் வேளை மருந்து இரவிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி நிரம்பி வழியும்வரை மாற்றப்படாமல் இருப்பதும் நிற்க வேண்டும்.

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரங்களை ஒப்படைக்கும் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். தொடர் இரவுப் பணி முடித்தவரை மறுநாள் காலையே அழைக்கக் கூடாது. செவிலியர் மீது கைநீட்டுவோர் மீதான புகாரை நிர்வாகமே முன்னின்று பதிவுசெய்ய வேண்டும். மன அழுத்த மேலாண்மை வகுப்புகள் நடத்தப்படுவதை வரவேற்கிறோம். எனினும், அவ்வகுப்புக்கும் ஷிப்ட் முடிந்த பிறகே செல்ல வேண்டியிருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முதற்கட்டமாக, ஒரு மாத காலத்துக்கு வார்டு வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் நோயாளிகள், செவிலியர்கள் எண்ணிக்கையைப் பதிவுசெய்து அறிக்கை அளிக்க அனைத்து மருத்துவமனைகளுக்கும் ஆணையிடுமாறும், அதை ஆராயும் குழுவில் கண்காணிப்பாளர்களுடன் வார்டில் பணிபுரியும் செவிலியர்களையும் சேர்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்கள்