சித்தி வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம்

டண்டீ, ஸ்காட்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மேசைமேலேயேதான் இருக்கிறது. சாயா குடிக்கும்போதெல்லாம் எடுத்து வாசிக்கிறேன், பதில் எழுதத்தான் உட்காரவில்லை. திட்டாதீர்கள். போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதானே எழுதி அனுப்பினீர்கள்? அதனால் நானும் இதைச் சித்தி வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். வாசித்துவிட்டுச் சித்தியிடமே கொடுத்துவிடுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம், அப்பா முதலில் அங்கேதான் கையை விடுவார்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் மதியம் மூன்றரை தாண்டினால் இருட்டு. டே ஆற்றிலிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், ஆரல்வாய்மொழிக் காற்று ஆளைத் தள்ளும், இது ஆளை அறுக்கும். அறையில் ஹீட்டர் உண்டு. இரண்டு கம்பளி போர்த்தினால் அது தேவைப்படுவதில்லை, அதனால் போடுவதில்லை.

மரச்சீனிக் கிழங்கு இங்கே கிடைக்கிறது என்றால் நம்புவீர்களா? மெழுகு பூசி விற்கிறார்கள். வேர் காயாமல் இருக்கவாம். மெழுகைச் சுரண்டி, தோலை உரித்து, அவித்தால் பாதி மாவு, பாதி நார். தொட்டுக்கொள்ள அயிலை வாங்கினேன், இந்தக் கடலிலும் அயிலை உண்டு, நம்மூர் அயிலையைவிடக் கொழுப்பு அதிகம். புளிமுளம் வைத்தேன். உறைந்த தேங்காய்த் துருவலில் என்ன ருசி வரும்? ஆனாலும் சட்டியை வழித்துத் தின்றேன். வறுத்த மீதி மீனில் புகை கிளம்பி, கூரையில் இருக்கிற அலாரம் அலறி, கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டிவிட்டார்.

அந்தப் பாட்டியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். எண்பதைத் தாண்டியவர். பதினைந்து வயதில் சணல் மில்லில் தறிக்குப் போனவர். இந்த ஊரே ஒரு காலத்தில் சணல் ஊர், வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்குமாம். தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, அதனால் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிப் பழகியிருக்கிறார்கள். மில்லெல்லாம் மூடிப் பல வருஷம் ஆகியும் இவர் விடவில்லை. நான் வேலைக்குப் போகும்போது ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாயை அகலமாகத் திறந்து மூடி ஏதோ சொல்வார். ஒரு சத்தமும் வராது. முதலில் பயந்துவிட்டேன். இப்போது நானும் ரோட்டில் நின்று உதட்டை அசைத்து, 'சாப்பிட்டாச்சு பாட்டி' என்று தமிழில் சொல்லிவிட்டுப் போகிறேன். அவரும் தலையாட்டுகிறார். சில நாட்களில் நான் தமிழ் பேசுவது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம், நான் டாக்டர் என்று நம் தெருவில் யார் கிளப்பிவிட்டது? தம்பிதானே? அவனே 'வீடியோ கேம் வேலை' என்றும் சொல்லியிருக்கிறானாம். இரண்டும் இல்லை. ஆபரேஷன் பழகுகிற டாக்டர்களுக்கு இயந்திரம் இருக்கிறது, அதை ஒழுங்காக வைத்திருப்பது என் வேலை. சித்திக்குப் பித்தப்பை எடுத்தார்களே, வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு? அதில் டாக்டர் உள்ளே கையை விடுவதில்லை, நீளக் கம்பியை விட்டு டிவியைப் பார்த்துச் செய்கிறார். கையை இடப்பக்கம் கொண்டுபோனால் கம்பி நுனி வலப்பக்கம் போகும், துடுப்புப் போடுகிற மாதிரி. அது பழகவே மாதக்கணக்காகும். ஆள்மேல் பழக முடியுமா? அதற்குத்தான் இது. 2002-லேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி டாக்டர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்தில் பழகியவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு இடத்தைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு. தம்பியிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்து இயந்திரத்தில் வெறும் படம்தான், கைக்கு எதுவும் தெரியாது.

நான் பார்க்கிற ஒன்றில் கைக்கும் தெரியும். கண்ணுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் டிரில்லைப் பிடிக்க வேண்டும். எதிரே எலும்பு இருக்காது, ஆனால் அழுத்தினால் எலும்பு மாதிரியே திருப்பித் தள்ளும். உள்ளே சின்ன மோட்டார்கள். முதலில் கெட்டி ஓடு, உள்ளே கொஞ்சம் மெத்தென்று, திரும்பவும் ஓடு. அந்த இரண்டாவது ஓடு விடுகிற கணத்தில் நிறுத்தாவிட்டால் டிரில் குபுக்கென்று மறுபக்கம் இறங்கிவிடும். அங்கேதான் நரம்பும் ரத்தக் குழாயும். படம் நொடிக்கு 60 தடவை மாறினால் கண்ணுக்குப் போதும். கைக்கு நொடிக்கு 1000 தடவை கணக்குப் போட்டுத் தள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கொஞ்சம் பிந்தினாலும் எலும்பு கிர்ரென்று அதிரும், நம் கிணற்று மோட்டார் மாதிரி.

முதல் தடவை அதைப் பிடித்தபோது எனக்கு அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்திதான் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு லீவில் என் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாரே. "பட்டையிலே நகக் கனம் மிச்சம் வையி மக்களே, தடியிலே பட்டா மரம் மறக்காது." நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டில் எதைப் பார்த்து வெட்டினார்? கைதான்.

டிசம்பரில் ஒரு நாள் காலை டிரில்லைப் பிடித்துப் பார்த்தேன். எலும்பு அவித்த மரச்சீனி மாதிரி இறங்கியது. அளவு எங்கேயோ பிசகியிருக்கிறது. இரண்டு நாளாக எல்லாரும் அதில்தான் பழகி, நல்ல மார்க் வாங்கிச் சந்தோஷமாகப் போயிருக்கிறார்கள். உடனே நிறுத்திவிட்டு மேலே இருப்பவரிடம் சொன்னேன். கண்டுபிடித்ததற்கு ஒரு வார்த்தை இல்லை, முன்பே ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேள்வி. சரி, போகட்டும். இந்த மாதத்திலிருந்து எனக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நல்ல ஓய்வு. பணம் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் பிந்தும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். என் வளையலைத் திருப்ப இப்போது அவசரப்பட வேண்டாம், வட்டியைக் கட்டிப் புதுக்கி வைத்தால் போதும். இங்கே வளையல் போட்டு எங்கே போகப்போகிறேன்?

இனி நீங்கள் எழுதிய விஷயம். அப்பா கை நடுங்குகிறது, நாலைந்து மரத்தில் தடி தெரிய வெட்டிவிட்டார், தோட்டத்து முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அம்மா, இந்த இயந்திரம் கை போன வழியெல்லாம் கோடாகப் போட்டுக் காட்டும், நடுக்கம் இருந்தால் கோடு அரம் மாதிரி வரும். வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது. யார் யார் கைக்கோ இங்கே காவல் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு டிரில்லைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அது என் கையைத் திருப்பித் தள்ளியது. அவ்வளவுதான்.

சரி. இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற நேரம் வருகிறது, அப்பாவால் சாக்குச் சொல்ல முடியாது. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி கட்டாயம் கூடப் போகட்டும். எனக்காக, சளிக்கு மருந்து வாங்க என்று சொல்லுங்கள், கைக்கு என்றால் வரமாட்டார். அதற்கு முன்னால் ஒன்றைக் கவனித்து வையுங்கள், டாக்டர் கேட்பார்: கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்குகிறதா, கட்டன் சாயா டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நடுங்குகிறதா? இரண்டும் ஒன்றில்லை. ஒரு கையா, இரண்டு கையா என்றும் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

நம் இருபது மரத்தையும் வெட்டி விற்க மர வியாபாரி அட்வான்ஸ் கொடுத்தால் தம்பி வாங்கிவிட வேண்டாம். பெரியப்பா வரட்டும். விற்றால் அந்த இடத்தில் உடனே அன்னாசி வைப்பேன் என்கிறானாம், முதலில் கிணற்று மோட்டாரைச் சரி பண்ணச் சொல்லுங்கள். மைனிக்கு ஏழாம் மாதம், தண்ணீர் கோரவிட வேண்டாம். அப்பாவின் பழைய கத்தியைத் தம்பி பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடி ஆடினாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்.

பி.கு.: சித்தியிடம் முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டாம். தபால் கூலி அதன் விலையைவிட அதிகம். கேட்டால் எனக்கு இங்கே கிடைக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.