மறைத்தவர் பெயரும் குற்றப்பத்திரிகையில் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய நிறுவனங்கள் நடத்தும் விடுதிகளிலும் இல்லங்களிலும் குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், கைதானவரின் படமும் வயதும் ஊரும் அச்சாகின்றன. அந்த ஆளைப் பற்றி முன்பே புகார் வந்திருந்ததா, வந்திருந்தால் அது யார் கைக்குப் போனது, போன பின் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும். தெரிந்தே மறைத்தார் என்று தெரியவந்தால், அவர் மடாதிபதியானாலும் ஆயரானாலும் ஜமாஅத் தலைவரானாலும் சட்டத்தின்முன் நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. எந்தப் பெயரால் அழைக்கப்படும் நிறுவனமாயினும், அதன் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது 21ஆவது பிரிவு. சமய நிறுவனங்களுக்கு இதில் விலக்கு ஏதும் இல்லை. மாறாக, சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் வன்புணர்வுக் குற்றம் செய்தால் அதைக் கடுமையான குற்றமாகவே 5ஆவது பிரிவு தனியே எடுத்துச் சொல்கிறது.

இந்த 21ஆவது பிரிவு எப்போது கைக்கு வருகிறது, எப்போது வருவதில்லை என்பதில்தான் என் ஆதங்கம். 2021 நவம்பரில் கோவையில் பள்ளி மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், ஆசிரியரோடு, புகாரை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார். அந்தக் கைதுக்குப் பிறகு நம் பகுதிப் பள்ளிகளில் ஏற்பட்ட மாற்றத்தை நான் நேரில் கண்டவன். புகார்ப் பெட்டி தொங்கவிடப்பட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதப்பட்டது. புகார் வந்தால் தாளாளரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்த பழக்கம் குறைந்தது. பள்ளித் தலைமைக்குப் பொருந்தும் சட்டம் சமயத் தலைமைக்கு மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது?

நான் பணியில் இருந்த பள்ளிக்கு, அருகில் ஒரு சமய அறக்கட்டளை நடத்திய விடுதியிலிருந்தும் பிள்ளைகள் வந்து படித்தார்கள். எந்தச் சமயம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அந்தப் பிள்ளை யாரென்று தெரியும்படி எதையும் வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை, தரவும் கூடாது. தாய்க்குப் பஞ்சாலையில் இரவு ஷிப்ட், தகப்பனார் கரும்பு வெட்டுக்குப் போய்விடுவார். அதனால் பிள்ளை விடுதியில் இருந்தது. விடுதியில் தனக்கு நேர்ந்ததை அது வகுப்பாசிரியையிடம் சொல்ல, அவர் என்னிடம் சொல்ல, அன்றே 1098க்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவித்தேன். அன்றிரவு அறக்கட்டளையைச் சேர்ந்த மூன்று பெரிய மனிதர்கள் என் வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மிரட்டவில்லை, மரியாதையாகவே பேசினார்கள். "ஏனுங்க சார், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே ஆளை வேற பக்கம் அனுப்பியிருப்பமுங்க. போன தடவையும் அப்படித்தானுங்க பண்ணுனோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

போன தடவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடல் நடுங்கியது. வேறோர் ஊரில் இருந்த அவர்களுடைய விடுதியில் அந்த ஆள்மீது முன்பே புகார் எழுந்து, தலைமைக்குத் தெரிந்து, அதன்பேரில்தான் அவர் இங்கே மாற்றப்பட்டிருக்கிறார். விசாரணை அதிகாரியிடம் இதைச் சொன்னேன். வாக்குமூலத்தில் எழுதியும் கொண்டார். குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் ஒரே ஒருவர் பெயர்தான் இருந்தது. மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்ட தலைவர் சாட்சியாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. அந்த ஆண்டு விழா மேடையில் அவர்தான் நடு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

இப்படி ஊர் மாற்றி அனுப்புவது ஏதோ நம் பக்கத்து வழக்கம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், புகாருக்கு ஆளான பாதிரியார்களை ஒரு தேவாலயப் பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டிருந்தது 2002இல் அம்பலமாகி, அந்த ஆண்டு டிசம்பரில் அந்நகரின் பேராயரான கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். ஆனால் அவர்மீது குற்ற வழக்கு ஏதும் இல்லை. பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கை, 300க்கும் மேற்பட்ட பாதிரியார்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் குறிப்பிட்டு, ஆயர் அலுவலகங்களின் கோப்புகளிலேயே இதற்கான சான்றுகள் இருந்ததைக் காட்டியது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையம் கிறித்தவத் திருச்சபைகளோடு யூதப் பள்ளிகளையும் ஒரு யோகா ஆசிரமத்தையும் சேர்த்தே விசாரித்தது. எந்தச் சமயமும் மற்றொன்றைப் பார்த்துக் கைநீட்ட இதில் இடமில்லை.

நம் நீதிமன்றங்கள் துணிவற்றவை அல்ல. திருச்சி ஆசிரம வழக்கில் ஆசிரமத் தலைவர் பிரேமானந்தாவுக்கும் உடனிருந்தவர்களுக்கும் 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அந்த உடனிருந்தவர்கள் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவர்கள். தெரிந்தும் வாய்மூடி இருந்தவர் மீதான வழக்கு நிற்பதுதான் கடினம். கேரளத்தின் கொட்டியூரில் சிறுமியை வன்புணர்வு செய்த வழக்கில் 2019இல் பாதிரியாருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. மறைக்க உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். குற்றத்தை மறைத்ததாக ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பேராயர் மீதான தண்டனையும் பிரான்சின் லியோன் கர்தினால் மீதான தண்டனையும் மேல்முறையீட்டில் நீங்கின. யாருக்கு எப்போது தெரியும் என்பதை நினைவிலிருந்து மட்டும் மெய்ப்பிப்பது எளிதன்று. ஆகையால் புகார்ப் பதிவேடும் மாற்றல் உத்தரவும் கடிதங்களும் முதல் நாளிலேயே கைப்பற்றப்பட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் அவை அங்கே இருக்காது.

பெரிய நிறுவனத்தின் தலைவருக்கு ஒவ்வொரு விடுதியிலும் நடப்பதெல்லாம் தெரியுமா என்ற கேள்வி நியாயமானது. தெரியாதவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். சொத்துத் தகராறிலும் பதவிப் போட்டியிலும் பொய்ப் புகார் கொடுப்பார்கள் என்ற அச்சத்துக்கு, தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் தருபவரைத் தண்டிக்கும் 22ஆவது பிரிவு இருக்கிறது. சமய உரிமையில் அரசு தலையிடலாமா என்பவர்கள் அரசமைப்பின் 25, 26ஆவது பிரிவுகளை எடுத்துப் பார்க்கட்டும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அவ்வுரிமைகள் தரப்பட்டுள்ளன.

ஊர்ப் பெயர் கெடும், நோம்பி (ஊர்த் திருவிழா) முடியட்டும், பெண் பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள் என்று பெரியவர்கள் கூடிச் சமரசம் பேசுவது நம் கொங்கு வட்டாரத்தில் இன்னும் நடக்கிறது. பிள்ளையின் சோறும் படிப்பும் அந்த விடுதியில் இருக்கும்போது கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படி மறுத்துப் பேசுவார்கள்? ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கைச் சமரசத்தின்பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இத்தகைய குற்றம் இரு குடும்பங்கள் தமக்குள் பேசித் தீர்க்கும் வழக்கு அல்ல என்பதை ஊர்ப் பெரியவர்கள் அறிய வேண்டும்.

தண்டனை அளவும் திருத்தப்பட வேண்டும். விடுதிக் குழந்தையை வன்புணர்வு செய்தவருக்குக் குறைந்தது 20 ஆண்டு. அவர் இன்னின்னார் என்று தெரிந்தே வேறொரு விடுதிக்கு அனுப்பி, அங்குள்ள குழந்தைகளை அவர் கையில் ஒப்படைத்தவருக்கு அதிகபட்சம் ஓராண்டு. இதை நாடாளுமன்றம்தான் மாற்ற முடியும். அதுவரை மாநில அரசு செய்யக்கூடியவை உண்டு. சமய நிறுவன விடுதி தொடர்பான ஒவ்வொரு போக்சோ வழக்கிலும் நிறுவனத் தலைவரை விசாரித்து, 21ஆவது பிரிவைச் சேர்த்ததற்கோ சேர்க்காததற்கோ உரிய காரணத்தைக் குற்றப்பத்திரிகையில் எழுதுமாறு காவல்துறைக்கு உத்தரவிடலாம். 2014ஆம் ஆண்டின் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வழங்கும் மாவட்ட ஆட்சியர்கள், பணியாளர் ஒவ்வொருவரும் முன்பு எங்கே பணியாற்றினார், ஏன் மாற்றப்பட்டார் என்ற விவரத்தை நிறுவனத் தலைவரின் கையெழுத்தோடு பெற்ற பிறகே உரிமத்தைப் புதுப்பிக்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ஆட்சியர்கள் வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் இதைத் தொடங்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.