மறதி ஸஜ்தாவால் பர்ளு ஈடாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ரமலானை ஒட்டித் தங்கள் நாளிதழுடன் வந்த இணைப்பில் தொழுகை முறையைப் படங்களுடன் விளக்கியிருந்தீர்கள். புதிதாகத் தொழக் கற்பவர்களுக்கும், சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதை மறந்துபோனவர்களுக்கும் அப்படி ஒரு பக்கம் தேவைதான். ஆனால் கைகளை உயர்த்துவது, கட்டுவது, ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதுவது, ருகூஉவிலிருந்து (குனிந்த நிலை) நிமிர்வது, விரல் நீட்டுவது எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பர்ளு (கட்டாயக் கடமை) எது, சுன்னத்து (விட்டாலும் தொழுகை செல்லுபடியாகும் நபிவழி) எது என்று பிரிக்கவில்லை. போதாததற்கு, "தொழுகையில் எது விடுபட்டாலும் கடைசியில் இரண்டு ஸஜ்தா செய்தால் சரியாகிவிடும்" என்று ஒரு வரி. ஸஜ்தா என்பது நெற்றியைத் தரையில் வைத்துப் பணிவது; மறதிக்காகக் கடைசியில் செய்யும் இந்த இரண்டையும்தான் மறதி ஸஜ்தா என்கிறோம். அந்த வரியை நம்பி ஒருவர் நடந்தால் அவருடைய தொழுகையே கூடாமல் (செல்லாமல்) போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர் (மத்ஹபு என்பது மார்க்கச் சட்ட மரபு). உள்மாவட்டங்களில் இன்னொரு மத்ஹபினரான ஹனஃபிகள் அதிகம். இங்கே ஷாஃபிஈ சட்டப்படி எழுதுகிறோம். ஹனஃபி வேறுபடும் முக்கியமான இடங்களைச் சொல்லிவிடுகிறோம்.

நேரம் வந்திருப்பது, ஒளு (கை, முகம், கால் கழுவித் தூய்மையாவது), உடலும் உடையும் இடமும் சுத்தமாக இருப்பது, மறைக்க வேண்டியதை மறைப்பது, கிப்லாவை (மக்காவின் கஅபா இருக்கும் திசை) முன்னோக்குவது ஆகியவை தொழுகைக்கு முன்பே இருக்க வேண்டிய ஷர்த்துகள் (நிபந்தனைகள்). தொழுகைக்குள் இருக்கும் பர்ளுகள் 13: நிய்யத் (தொழும் எண்ணம்), தக்பீர் தஹ்ரீமா (தொழுகையைத் தொடங்கச் சொல்லும் "அல்லாஹு அக்பர்"), நிற்பது, ஃபாத்திஹா, ருகூஉ, இஃதிதால் என்கிற நிமிர்ந்த நிலை, இரண்டு ஸஜ்தா, அவற்றுக்கு நடுவிலுள்ள இருப்பு, கடைசி அத்தஹிய்யாத் (உட்கார்ந்து ஓதும் துதி), அதற்காக உட்காருவது, அதில் நபிகள் நாயகம் (ஸல்) மீது ஸலவாத்து (வாழ்த்து), முதல் ஸலாம் (தொழுகையை முடிக்கச் சொல்வது), இவற்றை வரிசை மாறாமல் செய்வது. சில கிதாபுகளில் (சட்ட நூல்களில்) 14 என்றும் 17 என்றும் பார்க்கலாம். அதில் முரண்பாடு இல்லை. ருகூஉ, இஃதிதால், ஸஜ்தா, நடு இருப்பு ஆகிய நான்கிலும் உடல் அசைவடங்கி நிலைகொள்வதைத் தனித்தனியாக எண்ணினால் 17, நான்கையும் சேர்த்து ஒன்றாக எண்ணினால் 14, அந்தந்தச் செயலுக்குள்ளேயே அடக்கினால் 13.

இப்படி நிலைகொள்வதுதான் நம் பள்ளிவாசல்களில் அதிகம் பறிபோகிறது. கையை நெஞ்சில் கட்டுவதா, தொப்புளுக்குக் கீழே கட்டுவதா, அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா கூடாதா என்று பல ஆண்டுகளாக வாதாடி வருகிறோம். அவை எப்படி இருந்தாலும் தொழுகை கூடிவிடும். ருகூஉவிலிருந்து பாதி நிமிர்ந்து அப்படியே ஸஜ்தாவுக்குப் போகிறவரை மட்டும் யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. அவருடைய ரக்அத்தே (தொழுகையின் ஒரு சுற்று) நிறைவேறவில்லை.

நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வரும் ஹதீஸ் (நபிமொழி) இதைப் பற்றியதுதான். பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்ன ஒருவரை நபியவர்கள், "திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவருக்குக் கற்றுக்கொடுத்தபோது, ருகூஉவில் நிலைகொள்ளும் வரை, நேராக நிமிரும் வரை, ஸஜ்தாவில் நிலைகொள்ளும் வரை என்று ஒவ்வொரு நிலையிலும் வலியுறுத்தினார்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், எலும்புகள் அதனதன் இடத்தில் அமர்ந்து ஒரு முறை "ஸுப்ஹானல்லாஹ்" சொல்லும் நேரம். இது குறைந்தபட்சம். நடைமுறையில் ஒரு எளிய வழி உண்டு: "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்" என்பதை நிமிரும்போதே சொல்லி முடித்து, "ரப்பனா லகல் ஹம்து" என்பதை நேராக நின்ற பிறகே தொடங்குங்கள். இரண்டு ஸஜ்தாவுக்கும் நடுவே ஓதும் "ரப்பிக்ஃபிர்லீ" என்பதையும் முதுகு நேராகி உட்கார்ந்த பின்னரே சொல்லுங்கள். ருகூஉவில் ஓதும் தஸ்பீஹும் (துதியும்) குனிந்து முடித்த பிறகுதான். இதைக் கடைப்பிடித்தால் நான்கு இடங்களும் தானாகவே நிறைவேறிவிடும். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹின் 20 ரக்அத்தையும் வேகமாக முடிக்கும் இமாம்களும் (தொழுகை நடத்துபவர்கள்) இதைக் கவனிக்க வேண்டும். சுன்னத்தான தொழுகை என்பதால் இஃதிதால் விலக்காகிவிடாது.

இனி மற்ற பர்ளுகளில் வழுக்கும் இடங்கள். நிய்யத்தை அரபியில் வாயால் சொல்லத் தெரியவில்லை என்று தயங்குகிறவர்கள் உண்டு. வாயால் சொல்வது சுன்னத்துதான். தக்பீர் சொல்லும்போது "லுஹர் பர்ளைத் தொழுகிறேன்" என்பது போல எந்த வேளைத் தொழுகை என்ற எண்ணம் மனதில் இருந்தால் போதும். ஜமாஅத்தில் (கூட்டாக) தொழுதால் இமாமைப் பின்பற்றும் எண்ணமும் வேண்டும். தக்பீரில் "அல்லாஹு" என்பதன் முதல் எழுத்தை நீட்டினால் அது கேள்வியாகிவிடும். "அக்பர்" என்பதை "அக்பார்" என்று இழுத்தாலும் பொருள் கெட்டுவிடும். இமாம் ருகூஉவில் இருக்கும்போது ஓடி வருகிறவர் குனிந்துகொண்டே தக்பீர் சொல்வதை எல்லாப் பள்ளிகளிலும் பார்க்கலாம். அந்தத் தக்பீர் நின்ற நிலையிலேயே முழுதாக முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பர்ளுத் தொழுகைக்குள் நுழையவே இல்லை. ரக்அத் கிடைக்க, இமாம் நிமிர்வதற்கு முன் இவரும் ருகூஉவில் நிலைகொண்டிருக்க வேண்டும்.

ஃபாத்திஹா பிஸ்மில்லாஹ்வுடன் சேர்த்து 7 ஆயத்து (வசனம்), அழுத்திச் சொல்ல வேண்டிய ஷத்து 14. ஒரு ஷத்தை விட்டாலும் ஓர் எழுத்தை விட்டதாகவே ஆகும். "இய்யாக்க" என்பதை "இயாக்க" என்று ஓதுவதும், "அன்அம்த" என்பதை "அன்அம்து" என்று ஓதுவதும் அறவே கூடாது; பின்னதில் அருள் புரிந்தவன் அல்லாஹ் என்பது மாறி, ஓதுகிறவரே அருள் புரிந்ததாக ஆகிவிடும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்றவர்களிடம் இந்தப் பிழைகள் அதிகம். அரபியின் இரண்டு "ஹ"வும், "ஐன்", "ளாத்", "தால்" போன்ற எழுத்துகளும் தமிழ் எழுத்தில் பிரிந்து தெரியாது. ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஒரு முறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்வதே வழி. மனதுக்குள் ஓட்டுவது ஓதலாகாது. நாவும் உதடும் அசைந்து தன் காதுக்காவது கேட்க வேண்டும். ஷாஃபிஈயில் இமாமின் பின்னால் தொழுகிறவருக்கும் ஃபாத்திஹா பர்ளு. ஹனஃபியில் பின்னால் நிற்பவர் ஓத வேண்டியதில்லை.

ருகூஉவில் உள்ளங்கைகள் முழங்காலை எட்டும் அளவுக்கு முதுகு குனிய வேண்டும்; முழங்காலை மடக்கி எட்டிக்கொள்வது கணக்கில் சேராது. விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்துவிட்டு அதையே ருகூஉவாக ஆக்கிக்கொள்வதும் கூடாது. நிமிர்ந்து நின்று மறுபடி குனிய வேண்டும்.

ஸஜ்தாவில் தரையில் பட வேண்டியவை ஏழு: நெற்றி, இரண்டு உள்ளங்கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு பாதங்களின் விரல்கள். நெற்றியில் ஒரு பகுதியாவது நேரடியாகப் பட வேண்டும். தொப்பி இறங்கி நெற்றியை முழுதும் மூடிக்கொள்வது ஆண்களிடமும், தொழுகைத் துணி இறங்கி மூடிக்கொள்வது பெண்களிடமும் சாதாரணமாக நடக்கிறது. நெற்றியைத் தொட்டுவைத்தால் மட்டும் போதாது. அடியில் பஞ்சு இருந்தால் அமுங்கும் அளவுக்குத் தலையின் பாரம் இறங்க வேண்டும். மெத்தென்ற விரிப்பு போட்ட பள்ளிகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொள்வதும், விரல் நுனியைத் தூக்கிவிடுவதும் பின் வரிசையில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். தூக்கிய பாதம் அந்த ஸஜ்தாவில் ஒரு கணமாவது கீழே படாவிட்டால் ஸஜ்தா நிறைவேறாது.

நாற்காலித் தொழுகை பெருகிவிட்டதால் அதையும் சொல்ல வேண்டும். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன வழி. முழங்கால் வலியால் தரையில் ஸஜ்தா செய்ய முடியாது, ஆனால் நிற்க முடியும் என்பவர் ஷாஃபிஈ சட்டப்படி தக்பீரையும் ஃபாத்திஹாவையும் நின்றே முடித்து, முடிந்தால் நின்றபடியே ருகூஉ செய்து, பிறகு நாற்காலியில் அமர்ந்து ஸஜ்தாவுக்குச் சைகை செய்ய வேண்டும். ருகூஉவுக்கும் சைகைதான் என்றால், ஸஜ்தாவுக்கு அதைவிட அதிகம் குனிய வேண்டும். ஸஜ்தா செய்யவே இயலாதவருக்கு நிற்பது கடமையில்லை என்பது ஹனஃபியின் பிரபலமான கருத்து.

இனி, எது விடுபட்டாலும் இரண்டு ஸஜ்தா போதும் என்ற அந்த வரிக்கு வருகிறோம். மறதி ஸஜ்தா ஈடுகட்டுவது முதல் அத்தஹிய்யாத், சுபுஹின் (அதிகாலைத் தொழுகை) குனூத் (நின்றபடி ஓதும் பிரார்த்தனை) போன்ற சில சுன்னத்துகளை. முதல் இருப்பை மறந்து முழுதாக நின்றுவிட்டால் திரும்ப உட்காரக் கூடாது; தொடர்ந்து தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா செய்ய வேண்டும். பர்ளு விடுபட்டால் அந்தப் பர்ளையே செய்தாக வேண்டும். ஒருவர் ஒரு ஸஜ்தாவோடு அடுத்த ரக்அத்துக்கு எழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போதே நினைவு வந்தால் உடனே திரும்பி அதைச் செய்ய வேண்டும். அடுத்த ரக்அத்தில் அதே இடத்தை அடைந்துவிட்டால் அந்த ஸஜ்தா பழைய ரக்அத்தை நிறைவு செய்யும். இடையில் செய்தவை கணக்கில் வராது. ஒரு ரக்அத் கூட்டித் தொழ வேண்டும். மறதி ஸஜ்தா இதற்கெல்லாம் பிறகு. மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் மூன்று என்று வைத்துக்கொண்டு ஒன்று கூட்டி, கடைசியில் மறதி ஸஜ்தா. விடுபட்டது நிய்யத்தோ தக்பீரோ என்றால் தொழுகை தொடங்கவே இல்லை. முதலிலிருந்து தொழ வேண்டும்.

ஹனஃபியில் ஃபாத்திஹாவும் நிலைகொள்வதும் வாஜிபு (பர்ளுக்கு அடுத்த நிலைக் கடமை). மறந்து விட்டால் ஒரு ஸலாம் சொல்லி இரண்டு ஸஜ்தா செய்து, மறுபடி அத்தஹிய்யாத் ஓதி முடிப்பார்கள். வேண்டுமென்றே விட்டால் திரும்பத் தொழ வேண்டும். பர்ளு விடுபட்டால் மறதி ஸஜ்தா போதாது என்பதில் ஹனஃபியும் ஒன்றுதான்.

தங்கள் இணைப்பின் அந்த ஒரு வரிக்காவது வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மக்தப் மதரஸா ஆசிரியர்கள்,
கீழக்கரை.