மாமல்லன் என்றால் மற்போர் வீரன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் பேரப்பிள்ளைகளோடு மாமல்லபுரம் போயிருந்தேன். 'மாமல்லன் என்றால் பெரிய அரசன்' என்று ஒரு வழிகாட்டி மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை.

மல் என்றால் வலிமை, மற்போர். மல்லன் என்பவன் வாளும் வேலும் இல்லாமல் வெறுங்கையால் மோதுகிறவன். வாதாபியை வென்ற பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்தான் மாமல்லன், வடமொழியில் மகாமல்லன்.

பல்லவருக்கு எவ்வளவோ முன்பே புறநானூற்றில் ஆமூர் மல்லன் வருகிறான். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி அவனோடு மோதியதைச் சாத்தந்தையார் 80ஆம் பாட்டில் நேரில் பார்த்தவர்போலச் சொல்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, மறு கால் அவன் போடும் பிடியைத் தடுக்கிறது. மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானைபோல அவனை மோதி முறிக்கிறான் கிள்ளி. அடடா, என்ன பாட்டு! மகன்மேல் அன்பு காட்டினாலும் காட்டாவிட்டாலும் தந்தை தித்தன் இதைப் பார்க்கட்டும் என்று புலவர் ஏங்குவதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

மாமல்லபுரத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இந்தப் பாட்டை அங்கேயே ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டுகிறேன். ஊர்ப்பெயரின் பொருளை நுழைவிடத்தில் தமிழில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
செங்கல்பட்டு.