பதினைந்து மணி நேரம் எங்கே போயிற்று? கனரக வாகனப் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறிய சரக்கு வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டுநர்களில் நானும் ஒருவன். கனரக உரிமம் எடுத்து நெடுந்தூர டிரெய்லருக்குப் போக விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு, டிரெய்லரிலேயே பயிற்சி தரும் ஏற்பாடு ஒன்றைச் சிவகங்கை மாவட்டத்தில் செய்து தர வேண்டுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டும் லாரி அலுவலகம் ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அண்மையில் உரிமத்துடன் போயிருந்தேன். மேலாளர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பீர்களா?” என்று மட்டும் கேட்டார். பழகியதில்லை என்றேன். “அப்புறம் இந்த அட்டை எதற்கு?” என்றார். அந்தக் கேள்வி என் முகவரிக்கு உரியதன்று. தவறி வந்ததை உரியவரிடம் சேர்ப்பது என் தொழில் என்பதால் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

பார்சல் தொழிலை ஏன் விடுகிறாய் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது தாங்கள் அறிந்ததே. பொட்டலத்தில் இருப்பது முகப்புத் தெருவின் கதவு எண். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இருப்பதோ பின்கட்டில். சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியும் ஆளில்லாமல் பொட்டலம் திரும்பினால் எங்களுக்குக் கூலி இல்லை. வண்டித் தவணையும் டீசலும் போக மிஞ்சுவதைப் பார்க்கும் எவனும் பெரிய வண்டிக்குப் போகவே நினைப்பான்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டியை ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் இருந்தது ஒரு பழைய பேருந்து. விடியற்காலையில் அத்தனை பேரும் அதில் ஏறிக்கொள்வோம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் பயணிகள். நம் முறை வந்து, கிளட்ச் காலுக்குப் பிடிபடும் நேரத்தில் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அந்தச் சில நிமிடங்களிலும் பயிற்றுநரின் கால் அவர் பக்கத்துப் பிரேக்கை விட்டு நகராது. சான்றிதழில் மட்டும் நேரம் முழுமையாக நிறைவுற்றதென்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. தேர்வும் அதே பேருந்தில்தான் நடந்தது. டிரெய்லர் என்ற ஒன்று உலகில் உண்டு என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

டிரெய்லர் எத்தகையது என்பதைப் புதுவயலில் ஓர் அரிசி ஆலை வாசலில்தான் கிட்ட நின்று பார்த்தேன். பின்னால் எடுக்கையில் வால் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். வால் திரும்பத் தொடங்கியதும் மறுபக்கம் ஒடித்து, முன்னால் உள்ள ஹார்ஸை, அதாவது டிரெய்லரை இழுக்கும் எஞ்சின் வண்டியை, அதன் பின்னோடு கொண்டுபோக வேண்டும். சற்றே தாமதித்தால் ஹார்ஸும் டிரெய்லரும் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு மடங்கிவிடும். இடப்பக்கம் மடங்கும்போது ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரே தெரியாது. கிளீனர் தகரத்தில் தட்டும் ஓசையை நம்பித்தான் நகர்த்த வேண்டும். நாற்பது அடிக் கண்டெய்னரை அந்த ஆலையின் குறுகிய வாசலுக்குள் அந்த ஓட்டுநர் நுழைத்ததைப் பார்த்து, எங்கே பழகினீர்கள் அண்ணே என்று கேட்டேன். “எவன் சொல்லிக் கொடுத்தான் தம்பி? கிளீனரா இருக்கும்போது ராத்திரி ரோட்டில பழகினதுதான்” என்றார்.

இதன் பொருளைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் ஆள் நடமாட்டம் குறைந்த நாற்கரச் சாலைதான், லோடு ஏற்றிய வண்டியுடன், இந்த நாட்டின் டிரெய்லர் பயிற்சித் திடலாக இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிரெய்லரோ லோடுடன் 55 டன் வரை போகக் கூடியது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள தொலைவை ஒரு பழைய பேருந்தின் சில நிமிடங்கள் எப்படிக் கடக்கும்?

புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிட்டிருக்கிறது. அக்கறைக்கு நன்றி. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத புது ஓட்டுநருக்கு அதற்குள்ளும் வியர்க்கத்தான் செய்யும். நெடுந்தூர ஓட்டுநருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே உச்சவரம்பு என்று 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நெடுஞ்சாலையில் எவரேனும் நேரில் சந்தித்திருந்தால் எங்களுக்கும் அறிமுகப்படுத்தலாம். ஆள் கிடைக்கவில்லை என்று மேடைதோறும் வருந்துகிறார்கள். உரிமத்தோடு வாசலில் நிற்கும் ஆளைப் பழக்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. இவை வேறு மடலுக்குரியவை, கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

கும்மிடிப்பூண்டியிலும் நாமக்கல்லிலும் கனரக ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் இருப்பதை அறிவேன். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவன் வருமானத்தை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்த் தங்கிப் படிப்பது நடக்கக் கூடியதன்று. ஆகவே மாவட்டத்திலேயே ஒரு திடலும், பழையதானாலும் பழுதில்லாத ஒரு டிரெய்லரும், அதை ஓட்டிப் பழுத்த ஓர் ஓட்டுநரும் எங்களுக்கு வேண்டும். டிரெய்லரை ஹார்ஸுடன் இணைக்கும் கிங் பின் பூட்டில் சரியாக விழுந்ததா என்று பார்ப்பது, காற்றுக் குழாய்களை மாட்டுவது, ரிவர்ஸ் எடுப்பது ஆகியவற்றை அங்கே கற்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஸ்டியரிங் பிடித்த நேரத்தைப் பயிற்சிப் பள்ளி எழுதும் ஏட்டை நம்பாமல் தங்கள் அலுவலகமே சரிபார்க்க வேண்டும்.

பயிற்சிக்கு நியாயமான கட்டணம் வைத்தாலும் கட்டத் தயாராக இருக்கிறோம். காலையில் பார்சல் ஏற்றுவதற்கு முன்போ ஞாயிற்றுக்கிழமைகளிலோ வகுப்பு இருந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். இதனைப் பரிசீலித்து, ஆகும் ஆகாது என்பதை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரப் பார்சல் வண்டி ஓட்டுநர் ஒருவர்