ஊக்கு தேடிய சித்திக்கு

அன்புள்ள சித்தி,

தைப்பூசத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு, சேலையில் குத்த ஊக்கு வேண்டுமென்று கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் என் மேசை டிராயரைத் திறந்தீர்கள். ஊக்கு கிடைக்கவில்லை. மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. 24 மாத்திரை இளஞ்சிவப்பு, 4 வெள்ளை, வரிசை மாறாமல் சாப்பிட அம்புக்குறி. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கொடுத்து நீங்களே வருஷக்கணக்கில் சாப்பிட்ட கருத்தடை மாத்திரை ஜாதி அது. பார்த்ததுமே தெரிந்திருக்கும். டிராயரை மூடிவிட்டீர்கள். பத்துமலைக்குப் போன கொமுட்டர் ரயிலிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பட்டர்வொர்த் திரும்பிய மூன்றாம் நாள் போன் வந்தது.

"கல்யாணம் ஆகாத பிள்ளை மேசையில அது எதுக்குடி?"

"மூஞ்சில பரு சித்தி. அதுக்குத்தான்."

"பருவுக்கு யாராச்சும் அந்த மாத்திரைய சாப்பிடுவாங்களா? என்னைப் பார்த்தா முட்டாள் மாதிரி தெரியுதா?"

அதற்கப்புறம் என்னைப் பேசவே விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள். என் வலைப்பூ என்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படிப்பீர்கள். அம்மாவின் கதையை அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாதே" என்றார்.

சாப்பிடுவார்கள், சித்தி. பருவுக்கு அந்த மாத்திரையைச் சாப்பிடுவார்கள்.

பள்ளிக்கூட வயசில் என் முகம் சுத்தமாக இருந்தது உங்களுக்குத் தெரியும். 26 வயசில் ஆரம்பித்தது. நெற்றியிலோ மூக்கிலோ இல்லை. தாடையோரம், மோவாய்க்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தோலுக்கு அடியில் கல் மாதிரி இறுகி நிற்கும். பழுக்காது, அமுங்காது, தலையணையில் கன்னத்தை வைத்தால் உயிர் போகும். போனபின் கறுப்பு வைத்துவிட்டுப் போகும். நம் நிறத்துக்கு அந்தக் கறுப்பு மாசக்கணக்கில் மறையாது. அது மங்கும் முன்பே அடுத்தது.

கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை எல்லாம் ஆயிற்று. பசார் மாலாம் இரவுச் சந்தையில் நீங்கள் 25 வெள்ளி கொடுத்து வாங்கித் தந்த கிரீமும் ஆயிற்று. இரண்டு வாரம் முகம் பளபளத்தது. மூன்றாம் வாரம் நெருப்பு வைத்தது போலச் சிவந்து தோல் உரிந்தது. டப்பாவை ஃபார்மசியில் காட்டினேன். அந்தப் பெண் முதலில் தேடியது என்ஓடி என்று தொடங்கும் பதிவெண்ணை; இல்லை. பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் கலந்த கிரீம்களுக்குச் சுகாதார அமைச்சு அடிக்கடி தடை அறிவிக்கிறது. அந்த டப்பாவில் என்ன இருந்ததோ. உங்கள் மேல் கோபமில்லை. அந்த இரண்டு வாரம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அப்புறம் கிளினிக்கில் டாக்சிசைக்ளின். மூன்று மாதம் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழைய குருடி. ஆன்டிபயோட்டிக்கை வருஷக்கணக்கில் கொடுக்க முடியாது, கிருமி பழகிவிடும் என்று தோல் நிபுணரிடம் அனுப்பினார்கள்.

அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். மாதவிலக்கு ஒழுங்கா, உதட்டுக்கு மேலே முடி அதிகமா, எடை கூடியதா. இரத்தம் எடுத்தார்கள், சினைப்பையை ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் சரி. பிறகு ஏன் பரு? அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை ஆண்களுடையது என்பார்கள். பெண் உடம்பிலும் கொஞ்சம் ஊறும். தோலில் எண்ணெய் சுரக்கும் பைகளை முடுக்கிவிடுவது அதுதான். என் இரத்தத்தில் அதன் அளவு அதிகமில்லை. என் தோலுக்குத்தான் அதைத் தாங்கும் சக்தி குறைவு. மேசையில் சம்பால் ஒன்றுதான். சித்தப்பா கரண்டியால் எடுப்பார், எனக்கு விரல் நுனியில் தொட்டாலே கண்ணீர் வரும். அப்படித்தான்.

அந்த மாத்திரையில் இருப்பது இரண்டு. ஒன்று ஈஸ்ட்ரோஜன். கல்லீரலில் ஒரு புரதத்தை அதிகமாகச் செய்ய வைக்கும். இரத்தத்தில் சும்மா சுற்றும் ஆண்ட்ரோஜனை அந்தப் புரதம் பிடித்துக் கட்டிப்போடும். மற்றது ட்ரோஸ்பைரெனோன். ஆண்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து சினைப்பையையும் அமைதியாக்கும். அமெரிக்காவில் 2007-இல் இந்த மாத்திரையை, கருத்தடையும் வேண்டும் என்கிற பெண்களின் பருவுக்குக் கொடுக்கலாம் என்று அதிகாரபூர்வமாகவே அனுமதித்துவிட்டார்கள். நம் ஊர் டாக்டர்களுக்கும் இது புதிதல்ல.

இங்கேயே நிறுத்திக்கொண்டால், "பாரு, என் பிள்ளை முகத்துக்குத்தான் சாப்பிட்டிருக்கா" என்று உங்களுக்கு நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனசில்லை, சித்தி. பருவுக்குச் சாப்பிட்டவள் நல்லவள், எதற்காகச் செய்தார்களோ அதற்காகவே சாப்பிட்டவள் கெட்டவள் என்று ஆகிவிடும். கல்யாணமான பிறகு சாப்பிட்டதற்கு உங்களை யாரும் கேள்வி கேட்டார்களா? எனக்கு 32 வயசு. சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டுகிறேன். என் டிராயரில் இருப்பதற்கு விளக்கம் சொல்வது உங்கள் மேல் உள்ள பிரியத்தால். கடமை என்பதால் இல்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

மாத்திரையைத் தருமுன் டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். புகை பிடிப்பாயா, தலைவலி வருமுன் கண் முன்னால் ஒளி வளைவு வளைவாகத் தெரியுமா என்று கேட்டார். கடைசியில், "குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியதுண்டா?" என்றார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நம் வீட்டில் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஐந்து மாதம் சாப்பிட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து தாடை அமைதியானது. அப்போதுதான் நீங்கள் போனில் திட்டிக்கொண்டே வந்து, ஒரு வேகத்தில் சொன்னீர்கள்: "தம்பி பொறந்தப்ப உங்கம்மாவுக்குக் கால்ல ரத்தம் கட்டி, இந்த மாத்திரைய ஜென்மத்துக்கும் தொடக்கூடாதுன்னு பெரிய டாக்டரே சொன்னாரு, நீ என்னடான்னா..."

"என்ன சொன்னீங்க சித்தி?"

"ஒண்ணுமில்ல. விடு."

விட முடியுமா? அன்று ராத்திரியே அம்மாவைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் துண்டு துண்டாக வந்தது. 1998. தம்பி பிறந்து பன்னிரண்டாம் நாள் இடது கால் தொடை வரை வீங்கி, தொட்டால் சூடாக இருந்ததாம். பச்சை உடம்பில் காற்று பட்டிருக்கும் என்று பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் உருவிவிட்டாராம். (கட்டி இருக்கிற காலை உருவக் கூடாது, அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம் என்று இப்போது தெரிகிறது. கேட்டபோது என் கை நடுங்கியது.) மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஒன்பது நாள் படுக்கை, கையில் டியூப். அப்புறம் இரத்தம் மறுபடி கட்டாமல் இருக்க ஆறு மாதம் வார்ஃபரின் மாத்திரை, அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை. ஒன்பது நாளும் கூட இருந்தது நீங்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு. பரம்பரை வியாதின்னு கதை கட்டுவாங்க. அப்புறம் யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்றார். அதே அம்மாதான் முகத்தில் இத்தனை பரு இருந்தால் யார் பெண் கேட்டு வருவார் என்று என்னை டாக்டரிடம் துரத்தியதும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது என்ன வயசு என்று கேட்டார். 31 என்றதும் மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ 45 வயசுக்குள் இப்படிக் கட்டியிருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பார்களாம். பயப்படும் அளவு எவ்வளவு என்று கேட்டேன். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் வருஷத்துக்கு 2 பேருக்கு இப்படிக் கட்டும். நான் சாப்பிட்ட வகையைச் சாப்பிட்டால் 9 முதல் 12 பேர் வரை. பிள்ளைப்பேற்றை ஒட்டிய வாரங்களில் ஆபத்து அதைவிட அதிகம். அப்படிப் பார்த்தால் மாத்திரை ஒன்றும் பேய் இல்லை. குடும்பக் கதை சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. என் கணக்கை மாற்றியது உங்கள் திட்டு. அதற்கு இதுவரை நன்றி சொல்லவில்லை. சொல்கிறேன்.

இப்போது சாப்பிடுவது ஸ்பைரோனோலாக்டோன். இருதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற பழைய நீர் மாத்திரை. தோலில் ஆண்ட்ரோஜனின் இடத்தை மறிக்கும். முதல் அட்டையிலிருந்த ட்ரோஸ்பைரெனோன் இதன் வம்சம்தான். ஆனால் இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் பரு என்று எழுதியிருக்காது, டாக்டர்கள் அனுபவத்தில் கொடுப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் நிஜ மாத்திரைக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 24 வாரத்தில் நிஜத்தைச் சாப்பிட்டவர்களில் 82 சதவீதம் பேர் முகம் தேறியது என்றார்கள்; வெறும் மாத்திரைக்காரர்களில் 63. அந்த 63-ஐப் பார்த்ததும் நம்பிக்கையும் சந்தேகமும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் மூன்றாம் மாதம் கண்ணாடி முன்னால் அழாமல் இருக்க அது போதுமாக இருந்தது.

50 மில்லிகிராமில் தொடங்கி 100-க்கு ஏற்றினார். முதல் மாதம் எல்ஆர்டி ரயிலில் மஸ்ஜித் ஜாமெக் நிலையம் வருவதற்குள் சிறுநீர் முட்டும். மாதவிலக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தது. எழுந்தால் லேசாகத் தலைசுற்றல். பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் இரத்தம் பார்த்தார்கள். தினம் ஒரு இளநீர் குடிக்கிற பழக்கத்தைக் குறைக்கச் சொன்னார். தம்பி தனக்கும் இரண்டு மாத்திரை கேட்டான். ஆண்களுக்கு மார்பு வளரும் என்றதும் ஓடிவிட்டான். இதைச் சாப்பிடும்போது கர்ப்பமாகக் கூடாது, ஆண் சிசுவின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும். அதனால் கருத்தடை பற்றி டாக்டர் நேராகவே கேட்டார். நானும் நேராகவே பதில் சொன்னேன். என்ன பதில் என்பது அவருடைய ஃபைலில் இருக்கிறது.

இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் சின்னது. கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை மாத்திரை தொடாது, சன்ஸ்கிரீனும் பொறுமையும்தான். நிறுத்தினால் திரும்பலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இத்தனை நாள் எழுதாமல் இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் வலது முட்டியை மாற்ற அடுத்த மாதம் தேதி கிடைத்துவிட்டதாக நேற்று அம்மா சொன்னார். முட்டி மாற்றிய பிறகு காலில் இரத்தம் கட்டும் ஆபத்து எல்லோருக்குமே உண்டு. அதற்காகத்தான் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பார்கள். உங்களுக்குக் கூடவே ஒரு விஷயம் இருக்கிறது: சொந்த அக்காவுக்கு வந்திருக்கிறது. அறுவைக்கு முன் பாரத்தில் கேட்பார்கள், மயக்க மருந்து டாக்டரும் கேட்பார். மலாயில் கேட்டால் 'டாரா பெக்கு' என்பார்கள். என்னைப் போல யோசிக்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஐசி அடையாள அட்டையோடு வையுங்கள்: அக்கா, 1998, 31 வயசு, பிரசவத்துக்குப் பின், இடது கால், ஆறு மாதம் வார்ஃபரின். வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால் வீங்கினால் பக்கத்து வீட்டு அக்கா எண்ணெயோடு வருவார். தொட விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சித்தப்பாவிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன். அறுவைக்கு முதல் நாள் மாலை ஈடிஎஸ் ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறேன். வரும்போது ஊக்கு ஓர் அட்டை வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
பாப்பா