தராசில் நின்ற ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலைகாரர்களை நடுரோட்டில் தூக்கிலிட வேண்டும், நாலு பேர் பார்த்தால்தான் பயம் வரும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் பார்த்தவன். 1980-களில் ஒரு மத்திய சிறையில் காவலராக இருந்தேன்.

தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனுக்குத் தேதி குறித்ததும் எடை பார்த்தோம். எடை குறைந்த ஆளுக்குக் கயிறு நீளமாக விட வேண்டும், அதற்காக. தராசில் ஏறி நின்று, "எதுக்குங்கய்யா எடை?" என்றான். "டாக்டர் கேட்டாரு" என்றேன். "சோறு எறங்கலீங்க, கொறஞ்சிருக்கும்" என்றான், ஏதோ ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மாதிரி. 52 கிலோ இருந்தான். முந்தின நாள் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதித்தோம்.

விடிவதற்கு முன்னால் மற்ற கைதிகளையெல்லாம் பூட்டி வைத்திருந்தோம். அத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல் சத்தம் கேட்கவில்லை. அவன் வலது கையைப் பிடித்துக் கூட்டிப் போனது நான்தான். வேர்வையில் கை வழுக்கியது. காலடிப் பலகையைத் திறக்கும் லிவரை இழுத்த பிறகு அரை மணி நேரம் உடலை இறக்கக் கூடாது. கயிறு நிற்காமல் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. அத்தனை நேரமும் அங்கேயே நின்றோம்.

அவன் கொன்றதில் ஒன்று பச்சைக் குழந்தை. அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் பயம் வரும் என்பதை ஏற்க மாட்டேன். அடுத்த வாரமும் கொலை வழக்கில் ஆட்கள் உள்ளே வந்தார்கள். வெட்டும்போது தூக்குக் கயிறு ஞாபகம் வந்தது என்று ஒருவன்கூட என்னிடம் சொன்னதில்லை.

பொது மைதானத்தில் தூக்கிலிடச் சொன்ன ராஜஸ்தான் உயர் நீதிமன்ற உத்தரவை, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995 ஏப்ரலில், சேலம் சிறையில். அதற்கு அப்புறம் இங்கே யாருக்கும் எடை பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

சரி, தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கொடுத்தால் பதினாலு வருடத்தில் வெளியே வந்துவிடுவானே என்று கேட்பார்கள். தண்டனைக் குறைப்பே இல்லாமல் சாகும்வரை உள்ளே வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் வழி காட்டியிருக்கிறது. அந்த வாசகர் அதைக் கேட்டு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற சிறைக் காவலர்,
ஆத்தூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)